ஸ்டார்ட் ஆகிறது, ஓட மறுக்கிறது! மாற்று என்ஜினுக்கு அல்சூர் மேஸ்திரி பார்த்த வைத்தியம்

பெங்களூரில் மோட்டார் தொழிலுக்குப் பெயர் பெற்ற இடங்கள் பல உண்டு. புது உதிரிப் பாகம் வேண்டுமா, ஜே.சி. ரோடு இருக்கிறது. பழைய சாமான் வேண்டுமா, சிவாஜிநகர் குஜரி இருக்கிறது. டீசல் பம்ப் என்றால் ஆடுகோடியின் மைக்கோ தொழிற்சாலையை நாடே அறியும். 1951இல் தொடங்கிய அந்த நிறுவனம் 2008 முதல் பாஷ் என்று பெயர் மாறிவிட்டபோதிலும், மெக்கானிக்குகள் வாயில் இன்னும் 'மைக்கோ பம்ப்'தான்.

நம் அல்சூருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஒருபுறம் சோமேஸ்வரர் கோயில், மறுபுறம் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் முகாம், நடுவில் ஏரி. இவற்றுக்கு இடைப்பட்ட சந்துகளில் தகரக் கொட்டகை போட்டுத் தொழில் நடத்திய தமிழ் மேஸ்திரிகள் பலர். வட ஆற்காட்டிலிருந்து பிழைக்க வந்து, பையனாக ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து, பின்னர் தாமே கடை வைத்தவர்கள். அவர்களில் ஒருவர், குடியாத்தத்துக்காரர், எழுபதைக் கடந்தவர், மாற்று என்ஜின் பற்றி நம்மிடம் கூறிய செய்திகள் வாசகர்களுக்குப் பயன்படும் என்பதால் இங்கே தருகிறோம். தம் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். "கடையை மகன் பார்க்கிறான். எனக்கு எதற்கு விளம்பரம்?" என்பது அவர் வாதம்.

ஏன் என்ஜினை மாற்றினார்கள்?

கார் நன்றாக இருக்கும்போது அதன் என்ஜினைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றைப் பொருத்துவானேன் என்று இளைஞர்கள் கேட்கலாம். காரணம் எளிது. 1958 முதல் 2014 வரை ஓடி வந்த அம்பாசடர் காரின் உடல் இரும்பு. என்ஜினோ பழைய பிரிட்டிஷ் வார்ப்பு. பெட்ரோல் குடிப்பதில் அது சளைத்ததே இல்லை. டீசல் விலை அப்போது வெகுவாகக் குறைவு. ஆகவே வாடகை வண்டிக்காரர்கள் பெட்ரோல் என்ஜினை இறக்கிவிட்டு டீசல் என்ஜினை ஏற்றினார்கள். 1990களில் கம்பெனியே ஜப்பானின் இசுஸு என்ஜின்களை அம்பாசடரில் பொருத்தி விற்கத் தொடங்கிய பிறகு, இந்த ஆசை இன்னும் கூடியது. குஜரியில் டர்போ வைத்த டீசல் என்ஜின் கிடைத்தால், அதற்குப் போட்டியே நடக்கும்.

டர்போ என்பது என்ன?

ரயில்வேயில் குமாஸ்தாவாக இருக்கும் எனக்கு டர்போ புதிதல்ல. டீசல் ரயில் என்ஜின் கிளம்பும்போது கரும்புகை குபுகுபுவென்று வருவதைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனியிடமிருந்து 1962இல் வந்து, 1964 முதல் வாரணாசியில் தயாரான டபிள்யூ.டி.எம்.2 என்ஜின் 16 சிலிண்டரும் 2,600 குதிரைச் சக்தியும் கொண்டது. அந்தச் சக்தியைத் தருவதில் டர்போவுக்குப் பெரும் பங்கு உண்டு.

சைலன்சர் வழியே வீணாகப் போகும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, சிலிண்டருக்குள் தள்ளுகிறது. காற்று மிகுந்தால் டீசலும் மிகுதியாக எரியும், சக்தி கூடும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பூச்சி 1905இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். விற்பனைக்கு வந்த கார்களில் 1962இல் அமெரிக்காவில்தான் முதலில் ஏறியது. தமிழ்நாட்டில் 1982இல் டர்போ எனர்ஜி நிறுவனம் தோன்றி இங்கேயே தயாரிக்க ஆரம்பித்தது.

கார் டர்போவின் அச்சு நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. அது மிதப்பது மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல். ரயில் ஷெட்களில் என்ஜினை நிறுத்திய பிறகு டர்போ எவ்வளவு நேரம் சுழன்று அடங்குகிறது என்று காதால் கேட்டே அதன் நலத்தை அளப்பார்கள். சட்டென்று நின்றால் பேரிங்கில் கோளாறு என்று பொருள்.

இவ்வளவு பயங்கரமான வேகம் கொண்ட சாமான் என்பதால்தான், என்ஜினில் எது நடந்தாலும் பழி டர்போவின் தலையில் விழுகிறது.

தங்கவயல் வாலிபரின் கதை

மேஸ்திரி சொன்ன சம்பவம் 2004இல் நடந்தது. கோலார் தங்கவயல் சுரங்கம் 2001இல் மூடப்பட்டதும், அங்கிருந்த நம் மக்கள் பலர் பெங்களூருக்குத் தினமும் ரயிலேறி வேலைக்கு வரலானார்கள். அப்படி வந்தவர்களில் ஒரு வாலிபர், தந்தைக்குக் கிடைத்த பணத்தில் பழைய அம்பாசடர் ஒன்றை வாங்கி, வாடகைக்கு ஓட்டினார். பெட்ரோல் செலவு கட்டவில்லை. மனைவியின் நகையை அடகு வைத்து, குஜரியில் இரண்டு லிட்டர் டர்போ டீசல் என்ஜின் ஒன்றை வாங்கினார். வேறொரு பட்டறையில் அதைப் பொருத்தியும் கொடுத்துவிட்டார்கள்.

என்ஜின் ஸ்டார்ட் ஆயிற்று. ஆனால் இரண்டு நிமிடம் ஓடும், பிறகு தள்ளாடும், நின்றுவிடும். பில்டர் மேலுள்ள கைப்பம்பை அமுக்கி ஏர் எடுத்தால் மறுபடி பிடிக்கும். மறுபடி இரண்டு நிமிடம்.

ஒருவர் பார்த்து, "டர்போ போய்விட்டது, புதிது போடு" என்றார். இன்னொருவர் பம்பைக் கழற்றி சர்வீஸுக்கு அனுப்பச் சொன்னார். மூன்றாமவர் ஹெட்டையே இறக்க வேண்டும் என்றார். ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில் செலவு. அடகு வைக்க வேறு நகை இல்லை. அடுத்த வாரம் தங்கவயலில் ஒரு கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு வண்டியாகப் பேசி, முன்பணமும் வாங்கிவிட்டார். அந்தத் தவிப்போடுதான் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு அல்சூர் கொட்டகைக்கு வந்து சேர்ந்தார்.

ஸ்பேனரைத் தொடுமுன் மூன்று கேள்விகள்

"நான் முதலில் ஸ்பேனரைத் தொடவில்லை. 'தம்பி, எப்படி நிற்கிறது?' என்று கேட்டேன்" என்கிறார் மேஸ்திரி. என்ஜின் நிற்கும் விதத்தில்தான் பாதி விடை இருக்கிறது என்பது அவர் அனுபவம்.

விளக்கை அணைத்தது போல் சட்டென்று நின்றால், கோளாறு பெரும்பாலும் கரண்டில். டீசல் பம்பின் தலையில் ஒரு சிறு மின் வால்வு உண்டு. சாவி போட்டிருக்கும்வரை அது திறந்திருக்கும்; கரண்டு போனால் ஸ்பிரிங் மூடி டீசலை அடைத்துவிடும். மாற்று என்ஜினில் பழைய காரின் ஒயரையே இழுத்துக் கட்டுவார்கள். ஸ்டார்ட் செய்யும் நிலையில் மட்டும் கரண்டு வரும் ஒயரில் கட்டிவிட்டால், சாவியை விட்ட மாத்திரத்தில் என்ஜின் அணைந்துபோகும். பேட்டரியிலிருந்து ஒரு தனி ஒயரை வால்வுக்குக் கொடுத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கரும்புகை கக்கிக்கொண்டு திணறி நின்றால், காற்றுப் பஞ்சம். ஏர் பில்டர் அடைத்திருக்கலாம், டர்போவுக்குப் போகும் ரப்பர் குழாய் உள்ளே சப்பிப்போகலாம், சைலன்சர் அடைத்திருக்கலாம். என்ஜினை இறக்கி ஏற்றும்போது தூசி போகாதிருக்கக் குழாய் வாயில் துணியைத் திணிப்பது வழக்கம். அந்தத் துணியை எடுக்க மறந்து, டர்போ சக்கரமே உடைந்த கதைகளும் உண்டாம்.

புகை குறைந்து, வேகம் ஏறி இறங்கித் தள்ளாடி, எண்ணெய் வற்றிய விளக்கைப் போல் மெல்ல அணைந்தால், அது டீசல் பஞ்சம். பம்புக்கு டீசல் வரவில்லை. அல்லது டீசலோடு காற்றும் சேர்ந்து வருகிறது.

தங்கவயல் வண்டி மூன்றாவது வகை. கைப்பம்பை அமுக்கினால் மறுபடி ஓடுகிறது என்பதே அதற்குச் சாட்சி. பில்டரில் நிறைந்த டீசல் தீரும்வரை ஓடுகிறது; தீர்ந்ததும் நிற்கிறது.

டேங்க் மூடியைத் திறந்து ஓட்டிப் பார்த்தார் மேஸ்திரி. மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தால் டேங்கில் வெற்றிடம் உண்டாகி டீசல் வராது. அப்போதும் இரண்டு நிமிடத்தில் நின்றது. ஆகவே மூடி குற்றவாளி அல்ல.

பத்து லிட்டர் கேன் காட்டிய உண்மை

அடுத்து அவர் செய்ததுதான் முக்கியமானது. பத்து லிட்டர் கேன் ஒன்றில் சுத்தமான டீசலை நிரப்பி, பம்பைவிட உயரமாக, சூடான பாகங்களுக்கு எட்டாத தூரத்தில் கட்டினார். காரின் குழாய்களை விலக்கிவிட்டு, கேனிலிருந்து ஒரு குழாய் பில்டருக்கு. பம்பில் மிஞ்சித் திரும்பும் டீசலுக்கு இன்னொரு குழாய் கேனுக்கு. ஏர் எடுத்து ஸ்டார்ட் செய்தார்.

என்ஜின் ஒரு மணி நேரம் ஓடியது. தள்ளாட்டம் இல்லை. வாலிபர் நம்ப முடியாமல் பானெட் பக்கத்திலேயே நின்றிருந்தாராம்.

"அந்த ஒரு மணி நேரத்தில் டர்போ, பம்ப், நாசில், ஹெட் நான்கும் குற்றமற்றவை என்று தீர்ப்பாகிவிட்டது. அவர்கள் கேட்ட செலவு எதுவும் தேவையில்லை. கோளாறு என்ஜினில் இல்லை, காரில் இருக்கிறது" என்கிறார்.

பிறகு காரின் குழாயை மீண்டும் இணைத்தார். திரும்பும் டீசல் மட்டும் கேனுக்கே போனது. பில்டருக்கு முன்னால் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றைப் பொருத்தினார். ஓட்டியதும் சோடா பாட்டிலைப் போல் குமிழ்கள் ஓடி வந்தன. எங்கோ காற்று நுழைகிறது.

எங்கே என்று தேட முழுக் குழாயையும் கழற்றவில்லை. நடுவில் ஒரு மூட்டைப் பிரித்து, அந்த இடத்தில் கேனை வைத்து உறிஞ்ச விட்டார். குமிழ் இல்லை. எனவே முன்பாதி சுத்தம், குற்றம் பின்பாதியில். பின்பாதியில் டேங்க் வாயில் ஒரு பழைய ரப்பர் ஹோஸ். வெளியே பார்த்தால் நன்றாக இருந்தது, கிளிப்பும் இறுக்கம். கழற்றி வளைத்தபோது கிளிப்புக்கு அடியில் வெடித்திருந்தது தெரிந்தது.

இவ்வளவு நாள் அங்கே ஒரு சொட்டு டீசல்கூட ஏன் ஒழுகவில்லை? இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். டேங்கிலிருந்து பம்ப்வரை உள்ள குழாய் உறிஞ்சும் குழாய். அதில் வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே வராது; வெளிக்காற்று உள்ளே போகும். தரை ஈரமாக இல்லை என்பதால் குழாய் நலம் என்று எண்ணிவிடக் கூடாது. காலையில் ஸ்டார்ட் ஆகத் தாமதமாவதும் இதே நோயின் அறிகுறி. இரவில் காற்று புகுந்து, டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கிவிடுகிறது.

இரண்டாவது தவறு

ஹோஸை மாற்றியதும் குமிழ் நின்றது. திரும்பும் குழாயைப் பழையபடி இணைத்ததும் மீண்டும் குமிழ்! அப்போதுதான் இரண்டாவது தவறு வெளிப்பட்டது.

டீசல் பம்ப் தான் எரிப்பதைவிட அதிக டீசலை இழுத்து, மீதியைத் திருப்பி அனுப்பும். பம்ப் சூடேறாமல் இருக்கவும் காற்று வெளியேறவும் அந்த ஓட்டம் வேண்டும். அந்தப் பெட்ரோல் காரின் டேங்கிலோ திரும்பும் டீசலுக்கு வாசலே இல்லை. என்ஜினைப் பொருத்தியவர்கள் குறுக்கு வழியாக, திரும்பும் குழாயை 'டி' மூட்டு வைத்து வரும் குழாயிலேயே சேர்த்துவிட்டார்கள். பம்ப் வெளியே தள்ளிய காற்று சுற்றி வந்து பம்புக்கே போயிற்று. வீட்டுக் குப்பையை வாசலில் கொட்டாமல் அடுத்த அறையில் கொட்டியது போல என்றார் மேஸ்திரி.

டேங்கில் ஓட்டை போட்டு வெல்டிங் வைப்பது உயிருக்கு ஆபத்து. பெட்ரோல் ஆவி ஒரு பொறியில் வெடித்துவிடும். அவர் மீட்டர் மிதவை பொருத்திய தகட்டை மட்டும் கழற்றித் தனியே எடுத்துச் சென்று, அதில் ஒரு குழாயைப் பற்றவைத்து மறுபடி பூட்டினார். திரும்பும் டீசல் நேரே டேங்கில் விழுந்தது. பிளாஸ்டிக் துண்டில் ஒரு குமிழும் இல்லை.

பழைய மெட்ராஸ் ரோட்டில் ஹொஸ்கோட்டைவரை போய் வந்தார்கள். என்ஜின் எங்கும் நிற்கவில்லை. ஹோஸ், கிளிப், வாஷர் எல்லாம் சேர்ந்து நூறு ரூபாய்க்குள்; கூலி தனி. வண்டி கல்யாணத்துக்குக் குறித்த நேரத்தில் போய்ச் சேர்ந்தது. நகையும் சில மாதங்களில் மீண்டது என்று பின்னர் அந்த வாலிபரே வந்து சொன்னாராம்.

டர்போ குற்றவாளி ஆவது எப்போது?

மெதுவாக ஓடும்போது டர்போ கொடுக்கும் அழுத்தம் இல்லை என்றே சொல்லலாம். ஆகவே ஐட்லிங்கில் நின்றுபோகும் டீசல் என்ஜினில் டர்போவை முதலில் சந்தேகிப்பது வீண். டர்போ கெட்டால் வண்டி இழுக்காது, விசில் சத்தம் மாறும், நீலப்புகை வரும்.

உண்மையில், கெட்ட டர்போ செய்யும் மிகப் பெரிய தீமை நேர்மாறானது. அதன் சீல் போய் என்ஜின் ஆயில் காற்றுக் குழாயில் கலந்தால், டீசல் என்ஜின் அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு, சாவியை அணைத்தாலும் நிற்காமல் வெறிபிடித்து ஓடும். அப்போது டாப் கியர் போட்டு, பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு கிளட்சை விட்டு அடக்க வேண்டும். காற்று வாயைக் கையால் பொத்தப் போகக் கூடாது, கை போய்விடும்.

இன்றைய வண்டிகளில்

இப்போதைய டர்போ என்ஜின்களில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஆனாலும் முறை மாறவில்லை என்கிறார் மேஸ்திரியின் மகன். பிடித்து இரண்டே விநாடியில் அணைந்தால், திருட்டைத் தடுக்கும் சாவிப் பூட்டு கம்ப்யூட்டர் தன் பழைய சாவியைத் தேடுகிறது என்று சந்தேகிக்கலாம். டர்போ பெட்ரோல் என்ஜினில், உள்ளே போகும் காற்றை அளக்கும் கருவிக்குப் பின்னால் ஒரு ஹோஸ் கழன்றிருந்தாலும் கணக்குத் தவறி என்ஜின் நின்றுவிடும். எர்த் ஒயர் ஒன்றைப் பூட்ட மறந்தாலும் அதே கதிதான். ஒன்றை மட்டும் வாசகர்கள் மறவாதிருப்பது நல்லது. புது டீசல் என்ஜின்களில் டீசல் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல் போகும். ஓடும்போது அந்தக் குழாய்களைத் தளர்த்துவதோ, கசிவைக் கையால் தடவிப் பார்ப்பதோ கூடாது. டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கேன் வைத்துப் பார்க்கும் சோதனையும் பழைய டீசல் என்ஜினுக்கு மட்டுமே. பெட்ரோலுக்குச் செய்தால் நெருப்போடு விளையாட்டு.

சட்டமும் உண்டு

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வகை என்ஜினை மாற்றுவதானாலும் ஆர்.டி.ஓ.விடம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். பெறாவிட்டால் பதிவே ரத்தாகலாம். என்ஜின் எண் பதிவுச் சான்றோடு ஒத்துப்போகாத வண்டி விபத்தில் சிக்கினால், இன்சூரன்ஸ் பணத்துக்கும் அலைய வேண்டிவரும். குஜரியில் என்ஜின் வாங்குமுன் இதை யோசிப்பவர்கள் குறைவு.

மேஸ்திரி தரும் வரிசை

மாற்று என்ஜின் நின்று நின்று போனால் கீழ்க்கண்ட வரிசையில் பார்க்கும்படி மேஸ்திரி கேட்டுக்கொள்கிறார்:

1. எப்படி நிற்கிறது என்று கவனியுங்கள்: சட்டென்றா, புகையோடு திணறியா, மெல்லத் தள்ளாடியா?

2. டேங்க் மூடியைத் திறந்து ஓட்டிப் பாருங்கள்.

3. பம்ப் வால்வுக்குத் தனி ஒயர் கொடுத்துப் பாருங்கள்.

4. ஏர் பில்டரையும் காற்றுக் குழாய்களையும் திறந்து பாருங்கள்.

5. அதன் பிறகு, விவரம் தெரிந்தவரை வைத்து, கேன் சோதனை. கேனில் ஓடினால் என்ஜினைத் தொடாதீர்கள்.

6. கேனிலும் நின்றால் மட்டுமே பம்ப், நாசில், ஹெட் என்று செலவுக்குத் துணியலாம்.

"ஒரு வண்டியில் நன்றாக ஓடிய என்ஜின் இன்னொரு வண்டியில் ஓட மறுத்தால், என்ஜின் கெட்டுவிட்டது என்று ஏன் நினைக்க வேண்டும்? புது வீட்டுக்கு வந்த மருமகளைப் போல அது. சாப்பாடு சரியாகப் போகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்" என்கிறார் அவர். இரண்டு வண்டிகள் சந்திக்கும் மூட்டுகளில்தான், அதாவது ஒயரிலும் ஹோஸிலும் டேங்கிலும்தான், மாற்று என்ஜினின் நோய் பெரும்பாலும் ஒளிந்திருக்கும்.

விலை அதிகமான சாமானை முதலில் மாற்றச் சொல்பவரிடம், "எந்தச் சோதனையில் இது தெரிந்தது?" என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வண்டியை விடலாம். தெரியாதவரிடம் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்வதே உத்தமம்.